‘ஓம் அக்கா’ என்று சொன்னீர்களே!

கேள்வி: நான் ஒரு சட்டத்தரணி. மாமாவின் அரிசி ஆலைக் கம்பனியில் சட்ட வேலைகளைப் பார்க்கிறேன். என்னைச் சட்டம் படிக்க வைத்தவரும் அவர்தான். நெல் வாங்கக் காசு போதாமல் 14 மாதமாக ஆட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை. சம்பளத்தில் மட்டும் மாதாமாதம் வெட்டுகிறார்கள். இப்போது வங்கிக் கடனுக்காக இடர் அறிக்கை தயாரிக்கிறேன். இதை மஞ்சளில் (கவனிக்க வேண்டியது) போடுவதா, சிவப்பில் (பெரிய ஆபத்து) போடுவதா? சிவப்பில் போட்டால் மாமா மனம் நோவார். போன கிழமை நெல் காயவைக்கும் அக்கா ஒருவர், மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பவர், “தங்கச்சி, என்ட காசு ஏறுதுதானே?” என்று கேட்டார். “ஓம் அக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வழி சொல்லுங்கள்.
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சிவப்பு. உங்கள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். அந்த ‘ஓம் அக்கா’வைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

அந்த அக்கா காசாளரிடம் கேட்கவில்லை, மனேஜரிடமும் கேட்கவில்லை. சுடுகிற சீமெந்துத் தளத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றவர், நீங்கள் வந்ததைப் பார்த்து உங்களிடம் கேட்டார். சட்டம் படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பினார். அதுவரை இது மாமாவின் பிழை. ‘ஓம்’ என்றீர்களே, அந்த நிமிடத்தில் இருந்து உங்களுடையதும்தான். அதை ஏன் கடிதத்தின் கடைசியில், இரண்டு வரியில் எழுதினீர்கள் மகள்?

மட்டக்களப்பில் ஒரு தாய் மகளுக்கு வீடு கட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் கல் கல்லாகச் சேர்த்திருப்பார். ஐம்பது வயதில் வேலையை விட்டால் பெண்களுக்கு அந்த நிதி கைக்கு வரும். கூரை போட அந்தக் காசைத்தான் அவர் கணக்குப் பார்த்து வைத்திருப்பார். உங்கள் வார்த்தையை நம்பி மேசனிடம் நாளும் குறித்திருக்கலாம்.

சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். ஆளின் பங்கு 8 சதவீதம், 3,200. அது கம்பனியின் காசே அல்ல. முதலாளியின் பங்கு 12 சதவீதம், 4,800. மாதம் 8,000 என்றால் 14 மாதத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் 112,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 சதவீதம் இதில் சேரவில்லை. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாத பணத்துக்கு மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கும். பிந்திய காலம் ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். கட்டாமல் விட்ட முதல் மாதத்து 8,000 இப்போதே 12,000 ஆகிவிட்டது. நீங்கள் நிறம் யோசிக்கும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாதக் கடன் அந்த ஐம்பதுக்குள் விழுகிறது.

“அவங்க நாட்கூலிதானே” என்று மாமா சொல்வார். நாட்கூலிக்கும் உண்டு, வேலைக்கு வந்த முதல் நாளில் இருந்தே உண்டு. நிலுவை இவ்வளவு என்று தொழில் ஆணையாளர் சான்றிதழ் அனுப்பினால் விசயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே கம்பனி என்ற பெயர்ப்பலகை கூண்டில் ஏறாது, மாமாதான் ஏற வேண்டும்.

மாமா மனம் நோவார் என்கிறீர்கள். தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஊரில்தான் நானும் வளர்ந்தேன், அந்த மரியாதை குறையக்கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் படிக்கவைத்த மனிதனை நீதிமன்ற வாசலுக்குப் போகவிட்டு, ‘மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன்’ என்று சொல்கிற மருமகள் நன்றி கெட்டவள். கடுமையாகச் சொல்கிறேன், தெரியும். அவர் அவ்வளவு செலவழித்து உங்களைச் சட்டத்தரணியாக்கினார். அந்தப் படிப்பு முதலில் உதவ வேண்டியது அவருக்கல்லவா? மஞ்சள் பூசி மறைப்பதற்குச் சட்டம் படித்த ஒருவர் தேவையே இல்லை.

மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போங்கள், மாமி இருக்கும்போது போங்கள். சம்பளப் பதிவேட்டை முன்னால் வைத்து, மாதம் மாதமாகக் கூட்டிக் காட்டுங்கள். இந்த மாதத்துக் காசைப் பிந்தாமல் கட்டச் சொல்லுங்கள். பழைய நிலுவையை எப்படித் தீர்ப்பது என்று, அவர்கள் தேடி வருமுன் நீங்களே தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். இதையெல்லாம் எழுத்தில் பணிப்பாளர் சபைக்கும் கொடுங்கள். உங்கள் கட்சிக்காரர் கம்பனி, மாமா அல்ல. ‘செலுத்த வேண்டியவை எல்லாம் செலுத்தியாயிற்று’ என்று வங்கி கடிதம் கேட்டால் கையொப்பம் வைக்காதீர்கள். ஏமாற்றுக்குத் துணைபோன சட்டத்தரணியின் பெயரை உயர் நீதிமன்றம் வெட்டலாம். அப்புறம் மாமா கட்டிய படிப்புச் செலவும் வீண்.

இதெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அந்த அக்காவைக் காக்கவைக்காதீர்கள். மாமா சம்மதித்தாலும் சரி, கோபித்தாலும் சரி, அடுத்த நாள் காலையில் தளத்துக்குப் போங்கள். அன்றைக்குப் பொய் சொன்னேன் அக்கா என்று சொல்லுங்கள். கடைசியாகக் கட்டிய சி படிவத்தின், அதாவது யாருக்கு எவ்வளவு கட்டியது என்ற மாதப் பட்டியலின், பிரதியையும் எடுத்துப்போய், எந்த மாதத்தோடு நின்றது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். மேசனுக்கு என்ன சொல்வது என்று அவர் முடிவு செய்யட்டும்.