கன்று ஈனும் வாரத்தில் ஆன்டிபாடி குறைந்தால்

எட்டாம் மாதச் சினையில் தடுப்பூசி போட்ட பசுக்களுக்கு, ஈனுவதற்கு முந்தைய நாள் எடுத்த ரத்தத்தில் எலைசா சோதனை காட்டும் ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்) அளவு இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசி பலிக்கவில்லை என்று அதை வைத்து மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு ஆன்டிபாடி போகாது. அதனால் கடைசிச் சில வாரங்களில் ஐஜிஜி1 என்ற ஆன்டிபாடி வகை ரத்தத்திலிருந்து மடிக்கு இறங்குகிறது. நீங்கள் தேடுவது பெரும்பாலும் சீம்பாலில் இருக்கும். முதல் கறவையிலேயே, கன்று குடிக்கும் முன், பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்துச் சீம்பாலின் அடர்த்தி காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 22 விழுக்காடு காட்டினால் லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் ஐஜிஜி. அடுத்த கறவைக்குள் வெகுவாகக் குறைந்துவிடும், தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

அப்புறம், ஈன்ற அன்று எடுக்கும் வெள்ளணு எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அன்று ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையைக் கூட்டிக் காட்டும். அதே பசுவில் ஒரு மாதம் முன்பும் பின்பும் எடுத்து ஒப்பிடுங்கள்.