திரைப்படத்துக்கு வகைமை எதற்கு?

சண்டைப் படம், பேய்ப் படம், குடும்பப் படம் என்று பிரித்துச் சொல்வதால், விளம்பரம் செய்பவருக்கு அன்றிப் பார்ப்பவருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் நாள்களில், பால்மரம் சீவிப் பாலெடுத்துவிட்டு வரும் என் பாட்டி படத்தின் பெயரைக் கேட்கமாட்டார், “சாமிப் படமா, சண்டைப் படமா?” என்று மட்டுமே கேட்பார். சாமிப் படமென்றால் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு முன்வரிசையில் பாய் விரிப்பார். சண்டைப் படமென்றால் எங்களை அனுப்பிவிட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே இருந்துவிடுவார். எந்த மனநிலையில் அமர வேண்டும் என்று பார்ப்பவரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவதே வகைமையின் முதற்பயன்.

அந்த எதிர்பார்ப்பு எவற்றால் கட்டப்படுகிறது என்பதை விளக்க, அகப்பாடல்களை வகைப்படுத்தும் தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடே எனக்கு மிகவும் உதவியது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, பறை முதலியவை கருப்பொருள். மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். காடும் மாலையும் வந்துவிட்டாலும், காத்திருக்கும் மனம் இல்லையேல் அது முல்லைத் திணை ஆகாது. இடம், பாத்திரம் போன்ற புறக்கூறுகளையும் அவற்றைப் பிணைக்கும் உள்ளமைப்பையும் சேர்த்தே வகைமையை ஆராய வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984இல் எழுதியது இதற்கு மிக அருகில் வருகிறது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ என்ற மலேசியத் தமிழ்ப் படத்தை எங்கள் ஊரில் பலர் குண்டர் கும்பல் படம் என்று நினைத்தே பார்க்கப் போனார்கள். கும்பலும் அடிதடியும் அதில் உண்டு. ஆனால் அவை கருப்பொருள் மட்டுமே. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில், தந்தையின் கண்டிப்புக்கும் சித்தப்பாவின் கவர்ச்சிக்கும் நடுவே ஒரு சிறுவன் வழிதவறும் துயரமே அதன் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம், அதாவது ஒரு திணைக்குரியவை இன்னொரு திணையில் கலந்து வரலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருப்பதன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன். சண்டையை எதிர்பார்த்து வந்த இளைஞர்கள் சிலர் ஏமாந்தார்கள், தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களோ பேச்சற்று வெளியே வந்தார்கள்.

வகைப்படுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இதே படம் 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், கதையால் அன்றி மொழியால் பிரிக்கப்பட்டு, தேசிய மொழியான மலாயில் இல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் முதலில் வைக்கப்பட்டது. கலைஞர்களிடையே எதிர்ப்பு எழுந்து பிரிவுகள் மாற்றப்பட்ட பின்னர், சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை அதுவே வென்றது.