குவாங்சௌவில் சைவமாக வாழ முடியுமா?

அடுத்த மாதம் சென்னையிலிருந்து வேலைக்காகச் சீனாவின் குவாங்சௌ நகருக்கு வருவதாகவும், மொழியும் தெரியாமல், சைவச் சாப்பாட்டையும் விடாமல் இங்கே எப்படிக் காலம் தள்ளுவது என்று கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள், தம்பி. பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரில் சைவமாகவே இருக்கிறேன், தாராளமாக வாருங்கள்.

முதலில் அவசரமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் தங்காமல் நேரே வாடகை வீட்டுக்குப் போனால், 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். இங்கே கீரை விற்கும் பாட்டிகூட கியூஆர் அட்டை வைத்துத்தான் காசு வாங்குகிறார். ஆனால் அப்படிப் பணம் கொடுக்க உதவும் வீசாட், அலிபே செயலிகள் இரண்டுக்கும் இந்தியாவில் 2020-இலேயே தடை வந்துவிட்டதால், இங்கு வந்து இறங்கிய பிறகுதான் அவற்றை ஏற்றி, வெளிநாட்டில் செல்லுபடியாகும் வங்கி அட்டையை இணைக்க முடியும். அதுவரைக்கும் கொஞ்சம் யுவான் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "வோ ச்சி சூ", அதாவது நான் சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. முதல் ஆண்டில் ஒரு சிறிய உணவகத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, வதக்கிய கீரையை நான்கு மாதம் விரும்பிச் சாப்பிட்டேன். அது பன்றிக் கொழுப்பில் வதக்கியது என்று பிறகுதான் தெரிந்து, அன்று இரவெல்லாம் மனம் ஆறவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை; இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அது கீரைதான் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழிச் சாறு மூன்றும் வேண்டாம் என்று சீன மொழியில் எழுதி, கைப்பேசியில் வைத்துக் காட்டுங்கள். பௌத்த முறைச் சைவ உணவகங்களில் இந்தக் கவலையே இல்லை. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மட்டும் சைவம் சாப்பிடுவோர் இங்கே பலர் உண்டு என்பதால், அந்த நாள்களில் சீக்கிரமே போய்விடுங்கள்.

உடன் வேலை செய்பவர்கள் ஞாயிறு காலையில் 'யாம்சா' என்னும் தேநீர் விருந்துக்கு அழைத்தால், சைவத்தைக் காரணம் காட்டி மறுத்துவிடாதீர்கள். இந்த ஊரில் உறவு வளரும் இடம் அந்த வட்ட மேசைதான். உட்கார்ந்ததும் சூடான தேநீரை ஊற்றிக் கிண்ணங்களையும் குச்சிகளையும் அவரவரே அலசுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் கோப்பையில் யாராவது ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினால், நன்றி சொன்னதாக அர்த்தம். அடுத்தவர் கோப்பைகளை நிரப்பிய பின்பே உங்களுடையதில் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டு பணம் கொடுத்தால் பங்கு பிரிக்க முயலாமல், அடுத்த முறை நீங்கள் அழையுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, அலுவலகத்துக்குச் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் போதும். ஆனால் குடியிருப்பில் உள்ள முதியவர்கள் பேசுவது இந்தப் பகுதியின் மொழியான காண்டனீஸ், மின்தூக்கியில் பார்த்ததும் அவர்கள் கேட்பது, நம் ஊரைப் போலவே, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.