நடுகல் பற்றிய ஆய்வேட்டு இயலை வரலாற்று ஆய்விதழுக்கு அனுப்புவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களைப் பற்றிய உங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலை ஆங்கில வரலாற்று ஆய்விதழுக்கு அனுப்ப விரும்புவதாகவும், எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், நம் பகுதியைப் பற்றி எழுதுவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஆய்வேட்டு இயல் அப்படியே கட்டுரை ஆகிவிடாது. எந்தெந்த ஊரில் எத்தனை கற்கள் உள்ளன என்ற பட்டியல் ஆய்வேட்டுக்கு வலுச் சேர்க்கலாம்; இதழின் ஆசிரியரோ அந்தக் கற்களைக் கொண்டு நீங்கள் எதை நிறுவுகிறீர்கள் என்றுதான் பார்ப்பார். வட்டெழுத்துக் கற்கள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டும் உள்ளூர்த் தலைவனின் பெயரும், தொறு (கால்நடைக் கூட்டம்) கவர்ந்தோ மீட்டோ இறந்துபட்ட வீரனின் பெயரும் சேர்ந்தே வருகின்றன. பல்லவர் கால அதிகாரம் இந்த மேய்ச்சல் நிலத்தில் யார் வழியாக இயங்கியது என்ற கேள்வியை இதிலிருந்து எழுப்பி, அந்த ஒன்றுக்கே விடை தேடினால் அது கட்டுரையாகும். விடையை முதல் இரண்டு பக்கங்களுக்குள் சொல்லிவிடுங்கள். இதுவரை மற்றவர்கள் சொன்னதிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பதையும் அங்கேயே காட்டுங்கள்.

அடுத்து, சான்றுகள். இதை விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதிக் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தவை. ஆகவே பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் சேலம் மாவட்டத்தின் கீழ் இருக்கும் ஊர், மாநிலத் தொல்லியல் துறை 1975-இல் வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியில் தருமபுரியின் கீழும், இன்றைய வரைபடத்தில் கிருஷ்ணகிரியிலும் இருக்கக்கூடும். டெல்லியிலோ இலண்டனிலோ இருக்கும் மதிப்பீட்டாளர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. முதல் அடிக்குறிப்பிலேயே விளக்கி, ஒவ்வொரு கல்லுக்கும் இன்றைய ஊர், வட்டம், வெளியான தொகுதியின் எண் ஆகியவற்றை ஒரே சீராகக் கொடுங்கள். புதிதாகக் கண்டதாக நீங்கள் கருதும் கல், தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் முன்பே வெளிவந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம் பகுதியின் ஆங்கிலேயர் கால நிர்வாகப் பதிவுகளான பாராமகால் ஆவணங்களை மேற்கோள் காட்டினால், 1792-க்குப் பின் அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்தில் உருவான மூல ஏடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்தீர்களா, பிற்கால அச்சுப் பதிப்பை மட்டும் பார்த்தீர்களா என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். கல்வெட்டு வரிகளை ரோமன் எழுத்தில் தரும்போது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்பற்றுவது நல்லது.

எந்த இதழுக்கு அனுப்புவது என்பதை எழுதி முடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அதன் அண்மைய சில இதழ்களைப் படித்தால் சொல் வரம்பும் அடிக்குறிப்பு முறையும் தெளிவாகும். பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஆய்விதழ்களைத் தொகுத்த தன் கேர் (CARE) பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டதால், ஓர் இதழின் தரத்தை நீங்களே ஆராய வேண்டியிருக்கிறது. பணம் கட்டினால் சில நாள்களில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் பல ஆண்டு உழைப்பைத் தயவுசெய்து ஒப்படைத்துவிடாதீர்கள்.

எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பது பெரும்பாலான இதழ்களின் விதி. எனவே பெயர், நன்றியுரை, கோப்பின் பண்புகளில் பதிந்த பெயர், "என் முந்தைய கட்டுரையில்" போன்ற தொடர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். உங்கள் ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் ஏற்றப்பட்டிருந்தால், ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் அதையே சுட்டிக்காட்டும். கட்டுரை அந்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது என்று ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது. அருங்காட்சியகக் கற்களின் படங்களைச் சேர்த்தால், வெளியிடுவதற்கான எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள்.

பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். திருத்தி மீண்டும் அனுப்பச் சொன்னால் அது நல்ல செய்திதான். மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று தனிக் கடிதத்தில் எழுதுங்கள். ஏற்க முடியாத குறிப்பு இருந்தால், ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் கல்வெட்டு வரியையே சான்றாகக் காட்டுங்கள்.