டச்சுக்காரர் நாட்டுக்கு எத்தனை பெயர்? கேள்வி பதில்

கேள்வி: ஹாலந்தா, நெதர்லாந்தா, எது சரி?

நெதர்லாந்து. ஹாலந்து என்பது 12 மாகாணங்களில் இரண்டின் பெயர்: வட ஹாலந்து, தென் ஹாலந்து. ஆம்ஸ்டர்டாமும் ரோட்டர்டாமும் அங்கே இருப்பதால் அந்தப் பெயரே நாடு முழுவதற்கும் பரவிவிட்டது.

கேள்வி: 'ஹாலோ' என்றால் பள்ளம். அதனால்தான் ஹாலந்தா?

இல்லை. பழைய வடிவம் ஹோல்ட்லாந்து. ஹோல்ட் என்றால் மரம், காடு. தாழ்வைக் குறிப்பது 'நெதர்'. நாட்டின் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஒலி ஒத்துப்போனால் வேரும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: அப்புறம் 'டச்சு' எங்கிருந்து வந்தது?

இதுதான் சுவையான கதை. அன்று லத்தீன்தான் படித்தவர்களின் மொழி. 'மக்களுடைய மொழி' என்ற பொருளில் பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று இருந்தது. ஜெர்மானியர் தங்களைச் சொல்லும் 'டாய்ச்' அதன் பிள்ளை, ஆங்கில 'டச்சு' இன்னொரு பிள்ளை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் ஜெர்மானியர், நெதர்லாந்துக்காரர் இருவரையுமே டச்சு என்றே அழைத்தனர். 17ஆம் நூற்றாண்டில் வணிகத்திலும் போரிலும் ஆங்கிலேயர் அடிக்கடி மோதியது பக்கத்துக் கடற்கரைக்காரரான நெதர்லாந்துக்காரரோடு. பெயர் அவர்களிடமே தங்கிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா டச்சுக்காரர் ஜெர்மானிய வம்சாவளியினர்.

கேள்வி: 'டாய்ச்' காதில் தவறாக விழுந்துதானே டச்சு ஆனது?

இல்லை, இரண்டும் ஒரே வேரின் பிள்ளைகள். முந்தைய பதிலைப் படியுங்கள். மறுபடியும் ஒலி, ஒலி, ஒலி!

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒல்லாந்தர் என்போம். பிழையா?

பிழையே இல்லை, எனக்குப் பிடித்த சொல். போர்த்துக்கீசியர் 'ஒலாந்தா' என்பார்கள். எழுத்தில் இருக்கும் 'ஹ' அவர்கள் வாயில் வராது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்கு மாறியபோது முந்தைய ஆட்சியாளர் போர்த்துக்கீசியர்தானே, அவர்கள் சொன்ன பெயரே ஒல்லாந்தர் ஆனது.

கேள்வி: ஹாலந்து தவறு, ஒல்லாந்தர் சரியா? முரணாக இருக்கிறதே!

சரி, மாட்டிக்கொண்டேன். வரைபடத்தில் நாட்டுக்குப் பெயர் எழுதுவது வேறு, நானூறு ஆண்டாகப் புழங்கும் சொல் வேறு. 'டச்சு' மட்டும் என்ன, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரா? அவர்கள் மொழியில் அதன் உடன்பிறப்புச் சொல்லுக்குப் பொருள் 'ஜெர்மன்'!

கேள்வி: ஹாலந்தும் நெதர்லாந்தும் ஒன்றா?

முதல் பதில்.

கேள்வி: தரங்கம்பாடிக் கோட்டை டச்சுக் கோட்டைதானே?

அது டென்மார்க்குக்காரர்களுடையது ஐயா. டச்சுக் கோட்டை பழவேற்காட்டில். பெயர் கெல்ட்ரியா, கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக. அந்த மாகாணம் ஹாலந்தில் இல்லை.