சேர்ச்சில் இருப்பதாக எண்ணியா அந்த விமானத்தைச் சுட்டார்கள்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் பயணம் செய்வதாகத் தவறாக எண்ணி, ஜேர்மானியர் ஒரு பயணிகள் விமானத்தைக் கடலில் சுட்டு வீழ்த்தினார்கள் என்று சொல்லப்படுகிறதே, உண்மையா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சுட்டு வீழ்த்தியது உண்மை, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் ஐயத்துக்குரியது. 1943 ஜூன் 1ஆம் திகதி, போரில் நடுநிலை வகித்த போர்த்துக்கலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரை நோக்கிப் புறப்பட்ட டிசி-3 விமானம், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் அருகிலுள்ள பிஸ்கே விரிகுடாவுக்கு மேலே எட்டு யுங்கர்ஸ் போர் விமானங்களால் தாக்கப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. 13 பயணிகளும், நாசிகள் கைப்பற்றிய தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல் பிரித்தானிய நிறுவனத்துக்காகப் பறந்துகொண்டிருந்த நெதர்லாந்துப் பணியாளர் நால்வரும் மாண்டனர்.

பயணிகளுள் ஒருவர் புகழ்பெற்ற நடிகர் லெஸ்லி ஹோவார்ட். அவருடன் சென்ற அல்பிரட் செனால்ஸ் என்பவர் பருத்த உடலும் சுருட்டுமாகப் பார்வைக்குச் சேர்ச்சிலை ஒத்திருந்தார். அந்நாள்களில் உண்மையான சேர்ச்சில் வட ஆபிரிக்காவிலிருந்து நாடு திரும்பவேண்டியிருந்ததால், லிஸ்பன் விமான நிலையத்தைக் கண்காணித்த ஜேர்மன் உளவாளிகள் ஏமாந்தார்கள் என்ற கதை பிறந்தது. சேர்ச்சிலே பின்னர் தமது போர் நினைவுகளில் இதனை ஏற்று எழுதியமையால் கதைக்கு வலுவும் கூடிவிட்டது. ஆயினும், போர் நடத்தும் நாடொன்றின் பிரதமர், ஆயுதமில்லாத சாதாரண விமானத்தில், பட்டப்பகலில், பகைவரின் கண்ணெதிரே ஏறுவார் என்று எந்த உளவாளிதான் நம்பியிருப்பான்?

கதையை விரும்பிச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. இதே விமானம் 1942 நவம்பர் 15ஆம் திகதியும் 1943 ஏப்ரல் 19ஆம் திகதியும் அதே வழித்தடத்தில் தாக்கப்பட்டுத் தப்பியிருந்தது. இரண்டாம் முறை விமானி கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து, பின் மேகத்துக்குள் மறைந்து உயிர்தப்பினார். அவ்விரு நாள்களிலும் சேர்ச்சிலும் இல்லை, ஹோவார்ட்டும் இல்லை. நேச நாடுகளின் விமானங்களும் ஜேர்மன் நீர்மூழ்கிகளும் ஓயாது மோதிக்கொண்டிருந்த அக்கடலின் மேல், கண்ணில் பட்ட எதிரி விமானம் இரையாயிற்று என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பயணிகள் விமானம் வருவதைத் தமக்கு எவரும் அறிவிக்கவில்லை என்று தாக்கிய விமானிகளும் போருக்குப் பின்னர் கூறினார்கள். இரு எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் பகல்வேளைப் பறப்பைத் தொடர்ந்த நிருவாகத்தின் பொறுப்பை, உளவாளிக் கதை வசதியாக மூடிவிடுகிறது. 17 உயிர்கள் போன பின்னரே அச்சேவை இரவுக்கு மாற்றப்பட்டது.

கேள்வி: அப்போர்க்காலத்தில் இலங்கைக்கும் கடல் கடந்து பயணிகள் விமானம் வந்ததா?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வந்தது. 1943 நடுப்பகுதியிலிருந்து 1945 வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனா கடல் விமானங்கள் பறந்தன. எரிபொருளின் சுமையால் பயணிகள் மூவருக்கு மேல் இடமில்லை. ஏறத்தாழ 5,600 கிலோமீற்றரை இடைநில்லாமல் கடக்க 27 முதல் 33 மணி நேரம் பிடித்ததால், பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். யப்பானியர் சுற்றிவந்த பகுதியை இருளில் கடக்கும்படி நேரம் வகுத்து, வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைக் கொண்டே திசையறிந்து சென்றார்கள். 271 பறப்புகளில் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.