ஆண்கள் ஆடைப் பிரிவில் மெர்ச்சண்டைசிங் இன்டர்ன்ஷிப்: துணி மடிக்கும் வேலைதானா?

டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் மென்ஸ்வேர் மெர்ச்சண்டைசிங் (எந்தச் சரக்கை எவ்வளவு வைப்பது, எப்படி விற்பது என்று பார்க்கும் வேலை) இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, போனால் துணி மடிக்கத்தான் விடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மடிக்கத்தான் விடுவார்கள். சேருங்கள்.

சென்னையில் ஒரு மாலில் இருக்கும் பெரிய கடையில், மேற்படிப்புக்கு நடுவே நானும் மடித்தேன். சைஸ் விவகாரம் மண்டையில் ஏறியது அப்போதுதான். ஆண்கள் ஆடையில் பாதி வியாபாரம் சைஸ்தான். புடவைக்கு அந்தத் தலைவலி கிடையாது. சட்டையில் கலரும் பிடித்து விலையும் பிடித்து, 40 இல்லையென்றால் மனிதர் கிளம்பிவிடுவார்.

ஒரு டிசைனில் ஆறு சட்டை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 ஒன்று, 40 இரண்டு, 42 இரண்டு, 44 ஒன்று. நடுவில் உள்ள நான்கும் சீக்கிரம் போய்விடும். எக்செல் ஷீட்டில் செல்-த்ரூ, அதாவது வந்த சரக்கில் விற்ற பங்கு, 67 சதவீதம், கையில் இன்னும் ஸ்டாக் இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும். ரேக்கில் அந்த டிசைன் செத்துப்போயிருக்கும். மிச்சமிருக்கும் 38-ம் 44-ம் சீசன் முடியும்வரை இடத்தை அடைத்துக்கொண்டு தொங்கும். கடை பாஷையில் இது கட் சைஸ். மெர்ச்சண்டைசர் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான்: பல கிளைகளில் சிதறிக் கிடக்கும் கட் சைஸை ஒரே கிளைக்கு அனுப்பி முழு செட்டாக்குவதா, விலையைக் குறைத்துத் தள்ளுவதா, 40, 42 மட்டும் திரும்ப வரவழைப்பதா? வெள்ளை, இளநீலம் மாதிரி வருஷம் முழுக்க ஓடும் ஃபார்மல் சட்டைக்கு மூன்றாவது வழி சரிப்படும். பூப்போட்ட பிரிண்ட் சட்டை போனால் போனதுதான்.

எங்கள் ஃப்ளோரில் ஒரு பிராண்டுக்காக நின்ற அண்ணன் ஒருவர் டேப்பைத் தொடவே மாட்டார். வருபவர் போட்டிருக்கும் சட்டையின் தோள் தையல் எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். "சார் 42 கேப்பாரும்மா, போட்டா கழுத்து பிடிக்கும். 44 எடுத்து கையில வெச்சுக்கோ" என்பார். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் பாக்கெட்டில் இருந்த பழைய பில் ரோல் துண்டு. கேட்டு இல்லாமல் போன சைஸையெல்லாம் அதன் பின்பக்கம் கிறுக்கி வைப்பார். விற்ற சட்டை கம்ப்யூட்டரில் ஏறும். இல்லையென்று திரும்பிப் போனவர் எந்த ரிப்போர்ட்டிலும் வரமாட்டார். என் பிராஜெக்ட் முழுக்க அந்தத் துண்டுச் சீட்டுகளில் இருந்து பிறந்ததுதான்.

இன்னொன்று, ஃப்ளோரில் நிற்கும் பலர் கடை ஊழியர்கள் அல்ல, பிராண்ட் சம்பளம் கொடுக்கும் ஆட்கள். லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்து நான்கையும் இந்தியாவில் நடத்துவது ஆதித்ய பிர்லா குழுமம்தான். ஃப்ளோரில் பார்த்தால் நான்கு எதிர்க்கட்சிகள் போல நிற்பார்கள். ஒரு பிராண்டின் ரேக்கை இரண்டடி நகர்த்தினால் வரும் சண்டையை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

விலையையும் கவனியுங்கள். சட்டைகள் 999-ல் குவிந்து கிடந்ததற்கு வாடிக்கையாளர் மனசு மட்டும் காரணமில்லை. ஜிஎஸ்டி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோடு 2,500-க்கு ஏறிவிட்டது, அதற்கு மேல் 18 சதவீதம். இப்போது சேருகிறவர்கள் 2,499-ஐச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், சுவாரஸ்யமான சமாசாரம்.

சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வேலை கடையிலா, தலைமை அலுவலகத்திலா? ஷாப்பர்ஸ் ஸ்டாப்பின் தலைமையகம் மும்பை, லைஃப்ஸ்டைலுடையது பெங்களூரு. எதை எவ்வளவு வாங்குவது என்ற முடிவெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். சென்னைக் கிளையில் உங்களுக்குக் கிடைப்பது டிஸ்ப்ளே, ஸ்டாக், சேல்ஸ் ரிப்போர்ட். கொள்முதலைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசையென்றால் தி.நகர் மாதிரி இடங்களில் உள்ள பெரிய ஜவுளிக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி மெர்ச்சண்டைசரிடம் யோசனை கேட்காதீர்கள். சாம்பிள், பையர், ஷிப்மென்ட் என்று அவர்கள் உலகமே வேறு.

இன்டர்னுக்குக் கொடுக்கும் ஸ்டைபண்ட் தொகை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வந்தால் சந்தோஷப்படுங்கள். கால் வலிக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நான் இருந்த கடையிலும் ஸ்டூல் இருந்தது, டிரையல் ரூம் ஓரத்தில், மேலே ஹேங்கர் குவியலோடு.

நாள் பார்த்துச் சேர முடியுமென்றால் ஜூன் தொடக்கத்தில் சேருங்கள். சீசன் முடிவு சேல், அது அடங்குவதற்குள் ஆடித் தள்ளுபடி என்று வரிசையாக வரும். எது முழு விலையில் போனது, எது பாதி விலைக்கும் அசையவில்லை என்பதை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பிராஜெக்டுக்கு "வாடிக்கையாளர் திருப்தி" என்று எடுத்துக் கேள்வித்தாள் நீட்டாதீர்கள், நின்று பதில் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. ஒரே ஒரு பிராண்டின் ஃபார்மல் சட்டை, அதில் தினமும் எந்த சைஸ் இல்லை, எத்தனை பேர் கேட்டார்கள், அவ்வளவு போதும்.